உதகையில் உருவான சபை, ரோமில் குறித்த பிறந்தநாள்

சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தெரியாதவர்கள் குறைவு. 1947 ஆகஸ்ட் 15 அன்று, நாடு விடுதலை பெற்ற அதே நாளில், 32 மாணவிகளோடு தொடங்கிய கல்லூரி அது. அதை நிறுவிய கன்னியர் சபையின் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது என்று சொன்னால், அங்கே படித்தவர்களிலேயே பலர் புருவத்தை உயர்த்துவார்கள். மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள், சுருக்கமாக எஃப்.எம்.எம்., இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறார்கள். 2027 ஜனவரி 6 அன்று அந்தச் சபைக்கு 150 வயது நிறைகிறது.

அந்தத் தேதியை எண்ணிப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். 1877 ஜனவரி 6 அன்று உதகையில் எந்தக் கல்லும் நாட்டப்படவில்லை. எந்தக் கன்னியர் மடமும் புதிதாகத் திறக்கப்படவில்லை. சகோதரிகள் அதற்கு முந்தைய ஆண்டே அங்கே கூடி வாழத் தொடங்கிவிட்டார்கள். அன்று நடந்ததெல்லாம் ரோமில் திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் ஒரு புதிய சபைக்கு அனுமதி கொடுத்ததுதான். ஆட்கள் ஓரிடத்தில், ஆவணம் இன்னோரிடத்தில். சபை தன் பிறந்தநாளாக ஆவணத்தின் நாளை எடுத்துக்கொண்டது. ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால், துறவற சபைகள் தங்கள் நிறுவன நாளை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, ஒவ்வொரு தலைமுறையும் அதை எப்படி வேறு விதமாகக் கொண்டாடுகிறது என்பதெல்லாம் வெளியே வரும்.

கதையை மதுரையிலிருந்து தொடங்க வேண்டும். பிரான்சின் நான்த் நகரத்தில் 1839 மே 21 அன்று ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர் எலேன் த ஷப்போத்தேன். 1860-இல் கிளாரா மடத்தில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு வெளியே வர நேர்ந்தது. 1864-இல் துலூஸ் நகரில் மரி ரெப்பராத்ரிஸ் சபையின் துறவற உடை பெற்றார். அப்போது கொடுக்கப்பட்ட பெயர்தான் பாடுகளின் மரியா. அடுத்த ஆண்டே, பயிற்சி முடியும் முன்பே, அவரைக் கப்பலேற்றி மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் நடத்திய மதுரை மறைப்பணித்தளத்தில் அந்தச் சபைக்கு வேலை இருந்தது. 1866 மே 3 அன்று மதுரையில் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்தார். 1867 ஜூலையில், 28 வயதில், அங்கிருந்த மூன்று மடங்களுக்கும் சேர்த்து மாநிலத் தலைவியாக நியமிக்கப்பட்டார்.

1874-இல் உதகமண்டலத்தில் ஒரு மடம் திறந்தார்கள். உதகை அப்போது மதுரைத் தளத்துக்கு வெளியே, பாரீஸ் வெளிநாட்டு மறைப்பணிக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த கோயம்புத்தூர் ஆட்சிப் பகுதிக்குள் இருந்தது. இந்த எல்லைக்கோடு அப்போது சிறிய விஷயமாகத் தெரிந்திருக்கும். இரண்டே ஆண்டுகளில் அதுதான் அடைக்கலமாயிற்று. மதுரையில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த உரசல்கள் முற்றி, 1876-இல் இருபது சகோதரிகள் தங்கள் சபையை விட்டே பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் உதகையில், கோயம்புத்தூர் ஆயர் ஜோசப் பார்தூவின் ஆட்சிக்குக் கீழ் ஒன்றுகூடினார்கள்.

துறவற உலகில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த இருபது பெண்கள், மொழி தெரியாத நாட்டில், தாய்ச் சபையிலிருந்து விலகி நிற்கிறார்கள். திருச்சபைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் யார்? எந்தச் சபைக்குச் சொந்தம்? அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கத்தான் 1876 நவம்பரில் பாடுகளின் மரியா ரோமுக்குப் போனார். 1877 ஜனவரி 6 அன்று பதில் கிடைத்தது. மரியாவின் மறைபரப்புச் சகோதரிகள் என்ற பெயரில், மறைப்பணி ஒன்றுக்காகவே ஒரு சபை தொடங்கலாம்.

அதனால்தான் ரோமின் தேதி. 1876 என்று குறித்தால் அது பிரிந்த ஆண்டு. 1877 என்று குறித்தால் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆண்டு. இளம் சபை ஒன்று எந்த ஆண்டை அட்டையில் அச்சிடும் என்பதில் சந்தேகமே வேண்டாம். போதாக்குறைக்கு, ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழா. கீழ்த்திசை ஞானிகள் மூவர் குழந்தை இயேசுவைத் தேடி வந்த நாள், நம் ஊர்ப் பெரியவர்கள் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று சொல்லும் நாள். பிற இனத்தாருக்கு நற்செய்தி அறிவிக்கவென்றே எழுந்த சபைக்கு இதைவிடப் பொருத்தமான நாள் அமையாது. ஒரு விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்த தேதி, விவிலியப் பின்னணி சேர்ந்ததும், இறைத்திட்டமாகவே வாசிக்கக் கூடியதாகிவிட்டது.

ஆனால் 1877-இல் உருவானது இன்று நாம் பார்க்கும் சபையின் முழு உருவம் இல்லை. பிரான்சின் சேன்-பிரியோ நகரில், புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தரும் நவதுறவகம் திறந்தார்கள்; ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1882 அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் அன்று, ரோமின் அராச்செலி கோவிலில் பாடுகளின் மரியா அந்தப் புனிதரின் வழியைப் பின்பற்றும் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், சொந்தச் சபையின் தலைமைப் பொறுப்பிலிருந்தே நீக்கப்பட்டார்! உள்ளுக்குள் இருந்த எதிர்ப்புதான் காரணம். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் விசாரணை நடத்தச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை என்று தெளிவானது. 1884 ஜூலைப் பொதுப் பேரவை அவரையே மறுபடி தலைவியாகத் தேர்ந்தது. 1885 ஆகஸ்ட் 12 அன்று ரோமின் அங்கீகாரமான பாராட்டு ஆணையும், பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு இணைக்கும் ஆணையும் வந்தன. சபைச் சட்டங்களுக்கு 1890-இல் சோதனை ஒப்புதல், 1896 மே 11-இல் இறுதி ஒப்புதல்.

ஆக, இந்தச் சபை தன் பிறந்தநாள் என்று கைகாட்ட நான்கைந்து தேதிகள் இருந்தன. இது இவர்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. கத்தோலிக்க சபை எதுவும் ஒரே நாளில் பிறப்பதில்லை. முதலில் ஒருவருக்குள் ஓர் அழைப்பு. பிறகு நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு. பிறகு உள்ளூர் ஆயரின் ஏற்பு. பிறகு ரோமின் பாராட்டு ஆணை. கடைசியில் சட்டங்களுக்கு ஒப்புதல். எளிய வார்த்தைப்பாடு கொடுக்கும் பெண்கள் சபைகளை முழுமையான துறவற நிலையாகத் திருச்சபை ஏற்றதே 1900 டிசம்பரில் 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட ஆணைக்குப் பிறகுதான். இந்தப் படிகளில் எதைப் பிறந்தநாள் ஆக்குகிறார்கள் என்பதில் அந்தந்தச் சபையின் குணம் தெரியும்.

அயர்லாந்தின் இரக்கத்தின் சகோதரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டப்ளின் பாகட் தெருவில் கேத்தரின் மெக்காலே தன் சொத்தைக் கொண்டு ஏழைப் பெண்களுக்காக ஒரு வீட்டைத் திறந்தது 1827 செப்டம்பர் 24. அப்போது அவருக்குக் கன்னியர் சபை தொடங்கும் எண்ணமே இல்லை. மடத்துக்குரிய வார்த்தைப்பாடு இல்லாமல் பெண்கள் சேர்ந்து இப்படி வாழ்வதா என்று நகரத்தில் முணுமுணுப்பு எழுந்த பிறகே, வேறொரு மடத்தில் பயிற்சி பெற்று, 1831 டிசம்பர் 12 அன்று இரண்டு தோழியரோடு வார்த்தைப்பாடு கொடுத்தார். சட்டப்படி சபையின் பிறப்பு டிசம்பர் 12. உலகெங்கும் அந்தச் சகோதரிகள் ஊர் கூட்டிக் கொண்டாடுவதோ செப்டம்பர் 24; ‘மெர்சி டே’ என்றால் அதுதான். கதவு திறந்த நாள், சட்டம் ஏற்ற நாளை முந்திவிட்டது.

அன்னை தெரசாவின் பிறரன்புப் பணியாளர் சபைக்கும் இரண்டு நாட்கள். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் அவருக்குக் கிடைத்த அழைப்பு. 1950 அக்டோபர் 7 அன்று கல்கத்தாவில் சபை முறைப்படி நிறுவப்பட்டது. முதல் நாளை அந்தச் சகோதரிகள் ‘இன்ஸ்பிரேஷன் டே’ என்று தனியாக நினைவுகூருகிறார்கள். அதன் பொருளும் ஒரேயடியாக வெளிவரவில்லை. ரயிலில் என்ன நடந்தது என்று அன்னை தெரசா வெகுகாலம் விரித்துப் பேசவே இல்லை. 1993 மார்ச்சில் வாரணாசியிலிருந்து தன் சகோதரிகளுக்கு எழுதிய கடிதத்தில்தான், ‘தாகமாயிருக்கிறேன்’ என்ற இயேசுவின் வார்த்தையை அந்த நாளோடு வெளிப்படையாக இணைத்தார். அதுவரை நாற்பது முறைக்கு மேல் கொண்டாடப்பட்ட நாளுக்கு, நிறுவனரின் கையாலேயே கடைசிக் காலத்தில் ஒரு விளக்கவுரை கிடைத்தது. வெளியுலகத்துக்கோ இவ்விரண்டு நாளும் அவ்வளவாகத் தெரியாது. அவர் இறந்த செப்டம்பர் 5-ஐ ஐ.நா. பொதுச்சபை 2012-இல் உலக ஈகை நாளாக அறிவித்தது. அவருடைய நூற்றாண்டுப் பிறந்தநாளான 2010 ஆகஸ்ட் 26-க்கு இந்திய ரயில்வே ‘மதர் எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு கண்காட்சி ரயிலையே விட்டது. அரசும் உலகமும் ஆளைக் கொண்டாடும். சபையைக் கொண்டாடுவது சபைக்குள் இருப்பவர்கள் வேலை.

இனி, ஆண்டுக் கணக்கு. ஐம்பதாவது ஆண்டை யூபிலியாகக் கொள்ளும் வழக்கம் லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்திலிருந்து வருவது. 1300-இல் 8-ஆம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். 1470-இல் 2-ஆம் பவுல் இடைவெளியை 25 ஆண்டாகக் குறைத்தார். மடங்களின் வெள்ளி விழா, பொன் விழா எல்லாம் இந்தத் தாளத்தில்தான் ஓடுகின்றன. தனி ஆளுக்கும் இதே கணக்கு. முதல் வார்த்தைப்பாட்டிலிருந்து 25, 50, 60 ஆண்டுகள். பெரும்பாலும் இரண்டையும் ஒரே மேடையில் வைத்துவிடுவார்கள்.

மடத்துக்குள் அந்த நாள் எப்படி இருக்கும்? பழைய காலத்தில் உணவறையில் பேச்சு கிடையாது. ஒரு சகோதரி உயரமான மேசையில் நின்று புனிதர் வரலாறு வாசிப்பார். மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். நிறுவன நாள் போன்ற திருநாட்களில் மட்டும், வாசிப்பை நிறுத்தி மதர் லத்தீனில் ‘ஆண்டவரைப் போற்றுவோம்’ என்பார். எல்லாரும் ‘தெயோ கிராசியாஸ்’ என்று பதில் சொன்ன அடுத்த நொடி அறை முழுக்கச் சலசலவென்று பேச்சு கிளம்பும். அதுவே பெரிய கொண்டாட்டம். கேக், பிரியாணி எல்லாம் பிறகு வந்தவை.

இன்று தமிழ்நாட்டு மடம் ஒன்றில் நிறுவன நாள் என்றால், முந்தின மாலை நற்கருணை ஆராதனை. மறைந்த சகோதரிகளின் பெயர்களைச் சொல்லி ஒரு செபம். காலையில் ஆயர் தலைமையில் திருப்பலி; காணிக்கை பவனியில் உலக உருண்டை, அகல்விளக்கு, சபைச் சட்டப் புத்தகம், சில சமயம் ஒரு கூடை மண். வெள்ளி விழா காணும் சகோதரிகள் மெழுகுவர்த்தியோடு மாநிலத் தலைவி முன் வார்த்தைப்பாட்டைப் புதுப்பிப்பார்கள். முதல் வரிசையில் அவர்களுடைய அம்மாக்கள், அண்ணன்மார், பட்டுச்சேலை கட்டிய அண்ணிகள். பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, பள்ளிப் பிள்ளைகளின் நடனம், பந்தி.

விழா மலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மலர்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், முதல் இருபது பக்கம் வாழ்த்துரை. ஆயர் வாழ்த்து, ஆட்சியர் வாழ்த்து, சட்டமன்ற உறுப்பினர் வாழ்த்து. எல்லாம் ஒரே ஆள் எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கும். அப்புறம் வரும் வரலாற்றுக் கட்டுரைதான் ஆராய்பவருக்குச் சொத்து. அதிலும், சொல்லியிருப்பதைவிட ஒரே வரியில் தாண்டியதைப் பார்க்க வேண்டும். ‘பல சோதனைகளைக் கடந்து’ என்று ஒரு வரி எல்லா மலர்களிலும் இருக்கும். எஃப்.எம்.எம். வரலாற்றில் அந்த ஒரு வரிக்குள் மதுரைப் பிளவு, உதகை அடைக்கலம், 1883 பதவி நீக்கம் மூன்றையும் அடைத்துவிட முடியும்.

இந்தச் சபையின் விழா ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் வந்து விழுந்தது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1902-இல் 25 ஆண்டு. நிறுவனர் உயிரோடு இருந்தார். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்புதான், 1900 ஜூலை 9 அன்று, சீனாவின் தாய்யுவான் நகரில் சபையின் ஏழு சகோதரிகள், ஆயர்கள் கிராசி, ஃபொகொல்லா ஆகியோரோடு கொல்லப்பட்டிருந்தார்கள். வெளிநாட்டவரையும் கிறிஸ்தவரையும் எதிர்த்து எழுந்த பாக்சர் கலவரத்தின் உச்சம் அது. மூன்று பிரெஞ்சுக்காரர்கள், இரண்டு இத்தாலியர், ஒரு பெல்ஜியர், ஒரு டச்சுக்காரர். அங்கே போய்ச் சேர்ந்து ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்துவந்தார்கள். 25 வயதுச் சபைக்கு ஏழு வேதசாட்சிகள். இதற்குப் பிறகு அந்தச் சபையின் பிறப்பு முறையானதுதானா என்று யாரும் கேட்கத் துணிந்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. நிறுவன நாளுக்குப் போட்டியாக இன்னொரு நாள், ஜூலை 9, ஆண்டுக் குறிப்பில் ஏறியது.

பாடுகளின் மரியா 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான்ரேமோவில் இறந்தார். அப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகள், 86 மடங்கள். இருபது பேரிலிருந்து 27 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை. அடுத்த சில பத்தாண்டுகளில் புதிய நாட்களும் சேர்ந்தன. தாய்யுவான் எழுவருக்கு 1946 நவம்பர் 24-இல், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம். துணி துவைப்பது, நோயாளிகளைப் பார்ப்பது போன்ற எளிய வேலைகளையே செய்து, சீனாவில் 26 வயதில் காய்ச்சலில் இறந்த மரியா அசுந்தா பல்லொத்தாவுக்கு 1954-இல் அதே பட்டம். நிறுவனருக்கு மட்டும் தாமதமானது. சான்ரேமோவில் விசாரணை தொடங்கியது 1918. ரோமில் வழக்கை முறைப்படி ஏற்றது 1979. அவர் அனுப்பிய மகள்கள் பீடமேறியபின் அரை நூற்றாண்டு காத்திருந்தார் தாய்.

இதற்கிடையில் எல்லாச் சபைகளின் விழாக்களையும் தலைகீழாகப் புரட்டிய நிகழ்வு ஒன்று நடந்தது. உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றிய ஆணையை வெளியிட்டது. நிறுவனரின் தொடக்க உணர்வுக்குத் திரும்புங்கள், அதோடு மாறிய காலத்துக்கு ஏற்ப உங்களை மாற்றிக்கொள்ளுங்கள் என்றது அது. 1966-இல் 6-ஆம் பவுல் இதற்காக ஒவ்வொரு சபையும் சிறப்புப் பொதுப் பேரவை கூட்ட வேண்டுமென்று நெறிமுறை வகுத்தார். நிறுவனரின் கடிதங்களைப் பூட்டிய அலமாரிகளிலிருந்து எடுத்துப் படிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. எங்கள் அன்னை உண்மையில் என்ன நினைத்தார் என்று சபை வரலாற்றாசிரியர்கள் ஆராயத் தொடங்கினார்கள். அங்கியை விட்டுச் சேலை உடுத்துவதா, பள்ளிக்கூடத்தை விட்டுச் சேரிக்குப் போவதா என்ற வாக்குவாதங்களுக்கெல்லாம் நிறுவனரின் எழுத்தே சான்றாக எடுத்து வைக்கப்பட்டது. இரு தரப்பும் அதே கடிதங்களைத்தான் மேற்கோள் காட்டின என்பது வேறு விஷயம்.

எஃப்.எம்.எம். சபையின் நூற்றாண்டு இந்தச் சூட்டோடு சூடாக 1977-இல் வந்தது. அந்தக் காலத்தில் விழாக் கண்ட சபைகள் எல்லாமே, எத்தனை மடம் எத்தனை மருத்துவமனை என்ற பட்டியலோடு நிறுத்திக்கொள்ள முடியாத நிலையில் இருந்தன. எதற்காகத் தொடங்கினோம் என்ற கேள்வி மேசைக்கு வந்துவிட்டது. விழாவுக்கு முன் ஓராண்டு தியானமும் படிப்பும் வைப்பது, தொடங்கிய இடத்துக்குத் திருப்பயணம் போவது, செலவைக் குறைத்து அந்தப் பணத்தில் ஒரு புதிய பணியைத் தொடங்குவது போன்றவை வழக்கமாயின. இதில் ஆகக் கடுமையான உதாரணம் 1975-இல் கல்கத்தாவில் நடந்த பிறரன்புப் பணியாளர் சபையின் வெள்ளி விழா. செலவு கூடாது, கச்சேரி கூடாது, அலங்காரம் கூடாது, கடவுளுக்கு நன்றி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார் அன்னை தெரசா. அந்த நகரத்தின் இந்து, முஸ்லிம், சீக்கியர், சமணர், பௌத்தர், யூதர், பார்சி என்று பல சமயத்தாரும் தத்தம் வழிபாட்டிடங்களில் அந்தச் சபைக்காக நன்றி வழிபாடு நடத்தினார்கள். சகோதரிகள் போய்க் கலந்துகொண்டார்கள். சங்கத்துக்கு முந்தைய காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத விழா. ஆனால் இந்த எளிமையைப் பின்பற்றியவர்களைவிட, மேடையில் அதைப் புகழ்ந்துவிட்டுப் பந்தல் போட்டவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

2000-க்குப் பிறகு இன்னொரு திருப்பம். அந்த ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை 2-ஆம் ஜான் பால், திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காகப் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். யூபிலி என்றால் நன்றிப்பாட்டோடு மன்னிப்பும் சேர வேண்டும் என்பதற்கு அது முன்மாதிரியானது. சில சபைகளுக்கு இது வெறும் சடங்காக இருக்க முடியவில்லை. அயர்லாந்தில் தொழிற்பள்ளிகள் என்ற பெயரில் நடந்த விடுதிகளில் பிள்ளைகள் பட்ட கொடுமைகளை 2009 மே மாதம் ரயன் ஆணையத்தின் அறிக்கை அடுக்கியபோது, அந்த விடுதிகளை நடத்திய சபைகளில் இரக்கத்தின் சகோதரிகளும் இருந்தார்கள். இரக்கம் என்ற பெயரிலேயே ஆண்டுதோறும் திருநாள் கொண்டாடும் சபைக்கு, அந்த அறிக்கை வந்த ஆண்டின் செப்டம்பர் 24 எப்படிப் பழைய மாதிரி இருந்திருக்கும்?

எஃப்.எம்.எம். சபைக்கோ அந்தக் காலம் பட்டங்களின் காலம். 2000 அக்டோபர் 1 அன்று சீன வேதசாட்சிகள் 120 பேர் புனிதர் ஆனார்கள்; தாய்யுவான் எழுவரும் அவர்களில் அடக்கம். அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள். பெய்ஜிங் இதைக் கடுமையாக எதிர்த்தது. காலனி ஆதிக்கத்தின் கூட்டாளிகளுக்குப் பட்டமா என்று கேட்டது. ஒரு சபை பெருமையாக நினைக்கும் நாள் இன்னொரு நாட்டின் காயத்தைத் தொடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சபையின் 125-ஆம் ஆண்டான 2002-இல், அக்டோபர் 20, உலக மறைபரப்பு ஞாயிறன்று, பாடுகளின் மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. அவர் விட்டுப் பிரிந்த மரி ரெப்பராத்ரிஸ் சபையை நிறுவியவர் எமிலி துல்த்ரமோன் என்ற பெல்ஜியப் பெண்மணி. அவரும் 1997 அக்டோபர் 12-இல் அருளாளர் ஆனார். பட்டம் கொடுத்தவர் அதே 2-ஆம் ஜான் பால். 1876-இல் ஒரே சபைக்குள் எதிரெதிராக நின்ற தாயும் மகளும் ஐந்தாண்டு இடைவெளியில் பீடமேறியிருக்கிறார்கள். அந்தப் பிளவில் யார் சரி என்று ரோம் சொல்லவில்லை. சொல்லாமலே இருவரையும் ஏற்றுக்கொண்டது. இதனால் பிளவைப் பற்றி மூடி மறைக்கத் தேவையில்லாத நிலை வந்திருக்கிறது. இருந்தாலும் விழா மேடையில் ‘பல சோதனைகளைக் கடந்து’ வரியே ஓடுகிறது.

2014 நவம்பர் 30 முதல் 2016 பிப்ரவரி 2 வரை திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த துறவற ஆண்டு, விழா மொழியையும் மாற்றியது. கடந்த காலத்தை நன்றியோடு பார்ப்பது, நிகழ்காலத்தைப் பேரார்வத்தோடு வாழ்வது, எதிர்காலத்தை நம்பிக்கையோடு தழுவுவது என்று மூன்று நோக்கங்களை அவர் வைத்தார். அதிலிருந்து எந்தச் சபையின் பதாகையைப் பார்த்தாலும் நன்றி, ஆர்வம், நம்பிக்கை என்று மூன்று சொல். கேட்டுக் கேட்டுச் சலித்தாலும், மூன்றாவது சொல் சும்மா வந்ததில்லை. 1970-களின் தொடக்கத்தில் உலகில் பத்து லட்சம் அளவில் இருந்த கன்னியர், 2022 இறுதியில் ஆறு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மடங்கள் முதியோர் இல்லங்களாகி வருகின்றன. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் எண்ணிக்கை ஏறுகிறது. இந்திய மடங்களின் விழாவில் வெள்ளி விழாச் சகோதரிகள் பத்துப் பேர் நிற்பார்கள். பிரான்சிலோ வைர விழாச் சகோதரிகளைச் சக்கர நாற்காலியில் அழைத்து வருவார்கள்.

காலமும் சில சமயம் காலை வாரிவிடும். யாழ்ப்பாணத்துக்கு 1862-இல் வந்து பெண்கல்வியில் ஆழமாக வேர்விட்ட திருக்குடும்பக் கன்னியர் சபை, பிரான்சின் போர்தோ நகரில் 1820 மே 28 அன்று தொடங்கியது. அதன் இருநூறாவது ஆண்டு நாள் 2020 மே 28. கொரோனாவால் உலகமே கதவடைத்திருந்த நேரம். இருநூறு ஆண்டு காத்திருந்து வந்த நாளில் ஆள் சேரக்கூட அனுமதியில்லை.

எஃப்.எம்.எம். சபையின் 150-க்கு அப்படித் தடை வராது என்று நம்பலாம். நாட்காட்டியில்தான் ஒரு சிறு சிக்கல். இந்தியாவில் திருக்காட்சிப் பெருவிழாவை ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடையே வரும் ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். 2027-இல் அது ஜனவரி 3. நிறுவன நாளான ஜனவரி 6 புதன்கிழமை, இங்கே சாதாரண வேலைநாள். ரோமிலோ இன்னும் ஜனவரி 6 அன்றே மூன்று ராஜாக்கள் திருநாள். உதகையோ இன்று கோயம்புத்தூரோடு இல்லை. 1955 முதல் அதற்குத் தனி மறைமாவட்டம். இருபது பேருக்கு அடைக்கலம் கொடுத்த அந்த மலைநகரத்தில் விழாத் திருப்பலி நடந்தால், மறையுரையில் ஆயர் 1877-இலிருந்து தொடங்குவாரா, 1876-இலிருந்து தொடங்குவாரா என்று கேட்கத்தான் எனக்கு ஆர்வம். மதுரையிலிருந்து இன்னும் யாரையாவது அழைப்பார்களா என்றும் பார்க்க வேண்டும்.